ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் டிஆர்டி2: தம்பியின் மனச்சிதைவு என் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி கேட்டவர் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பெண், வயது 29, பூர்வீகம் திண்டுக்கல் பக்கம். தம்பிக்கு நான்கு வருடமாக மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா). ரிஸ்பெரிடோன் மாத்திரையில் இப்போது ஓரளவு தேறியிருக்கிறார். இவருக்கு வரன் கூடி வந்திருக்கிறது. வீட்டில் சொல்லாமல் ஒரு தனியார் லேபுக்கு எச்சில் அனுப்பி மரபணுச் சோதனை செய்திருக்கிறார். ‘டோபமைன் ஏற்பி மரபணு டிஆர்டி2: மாற்றம் உள்ளது. மனச்சிதைவு அபாயம் அதிகம்’ என்று சிவப்பு எழுத்தில் ரிப்போர்ட் வந்திருக்கிறது. (டோபமைன் என்பது மூளையில் ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் செய்தி அனுப்பும் வேதிப்பொருள்; அதை வாங்கிக்கொள்ளும் புரதம்தான் ஏற்பி.) தம்பியின் மாத்திரை அடைப்பதும் அதே ஏற்பியைத்தானே, அப்படியென்றால் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா என்கிறார். கூடவே அம்மா கேட்கச் சொன்னது ஒன்று: அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் இது வந்ததா?

நான் பெங்களூரில் மரபணு லேபில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, இப்போது குடும்பங்களுக்கு மரபியல் ஆலோசனை சொல்பவன். உங்கள் பிள்ளைக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு. யாருக்கும் பொதுவாக உள்ள வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. இந்த மூன்று நான்கு என்ற எண்ணை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் சொல்லவில்லை. உங்களுக்கு இந்த நோய் உள்ள ஒரு தம்பி இருக்கிறார், அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்ட தகவல். எச்சில் ரிப்போர்ட் அதோடு எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஆர்எஸ்1800497 என்று ஓர் எண் இருக்கிறது. டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறியிருக்கும் ஓர் இடத்தைக் குறிப்பது அது. எங்கள் தொழிலில் இதற்குப் பழைய பெயர் டாக் ஒன் ஏ. 1990-இல் குடிநோயோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று ஒரு கட்டுரை வந்தது. அப்புறம் சூதாட்டம், உடல் பருமன், கவனக்குறைவு, மனச்சிதைவு என்று எதை எடுத்தாலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2004-இல்தான் தெரிந்தது, அந்த எழுத்து மாற்றம் டிஆர்டி2 மரபணுவுக்குள்ளேயே இல்லை. ஏறக்குறைய பத்தாயிரம் எழுத்துகள் தள்ளி, ஏஎன்கேகே1 என்ற பக்கத்து மரபணுவுக்குள் இருக்கிறது. கடிதத்தில் பெயர் உங்களுடையது, வந்து சேர்ந்தது பக்கத்து வீட்டுக்கு என்கிற கதைதான். தெற்காசியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேலேயே இந்த மாற்றத்தின் ஒரு பிரதியாவது இருக்கும். உங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் எச்சில் வாங்கினால் இரண்டு மூன்று பேருக்காவது இதே சிவப்பு எழுத்து வந்துவிடும்.

சரி, லேப் தப்பான இடத்தைக் காட்டிவிட்டது. ஆனால் உங்கள் அடிப்படைக் கேள்வி நியாயமானது: மருந்து அந்த ஏற்பியில்தானே வேலை செய்கிறது? இதே கேள்வியில்தான் ஆராய்ச்சியாளர்களும் முப்பது வருடத்துக்கு மேல் சிக்கிக்கொண்டு கிடந்தார்கள்.

1952-இல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள், அறுவை சிகிச்சை மயக்கத்துக்குத் துணையாக வந்த குளோர்புரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். காதில் குரல் கேட்பது அடங்கியது. எப்படி அடங்கியது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1963-இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் அது டோபமைன் சமாச்சாரம் என்று சுட்டிக்காட்டினார். 1975, 76 வாக்கில் டொரான்டோவில் சீமன், பால்டிமோரில் ஸ்னைடர் இருவரின் குழுக்களும் ஒரு வரைபடம் போட்டன. ஒரு பக்கம் ஒவ்வொரு மருந்தும் நோயாளிக்கு எத்தனை மில்லிகிராம் தேவைப்படுகிறது, இன்னொரு பக்கம் அது டோபமைன் ஏற்பியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது. புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து விழுந்தன. பிடி எவ்வளவு இறுக்கமோ, மருந்தின் அளவு அவ்வளவு குறைவு. இன்று நாம் டி2 என்று சொல்லும் ஏற்பி அது; அதைச் செய்யும் மரபணுதான் டிஆர்டி2. அந்த வரைபடத்தைப் பார்த்த யாருக்கும் அடுத்து தோன்றக்கூடிய எண்ணம் ஒன்றுதான்: ஏற்பியில் கோளாறு, ஏற்பியின் மரபணுவைப் படித்தால் நோயின் காரணம் கிடைத்துவிடும்.

தினமும் நீங்கள் வீடு திரும்பும் வழியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகள் நகராது. போலீஸ்காரர் சிக்னலைக் கையால் இயக்கி, ஒரு பக்கத்தை நிறுத்தி வைத்து நெரிசலைக் குறைக்கிறார். குறையவும் செய்கிறது. அதை வைத்து சிக்னல் பெட்டி பழுது என்று சொல்வோமா? எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரே நேரத்தில் அத்தனை கம்பெனியும் விட்டதுதான் காரணம். சிக்னல் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அவர் கைக்கு எட்டியது அது ஒன்றுதான். மூளையை பெட் ஸ்கேனில் பார்த்தவர்கள் கண்டதும் ஏறக்குறைய இதுவே. நோய் முற்றியிருக்கும்போது, டோபமைனை அனுப்பும் நரம்பு முனை அளவுக்கு மீறித் தயாரித்து அனுப்புகிறது. வாங்கும் முனையில் உள்ள டி2 ஏற்பிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரை அந்த ஏற்பிகளில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்தால் குரல்கள் அடங்கத் தொடங்கும். எண்பது சதவீதத்தைத் தாண்டினால் கை நடுங்கும், உடம்பு இறுகும், நடை சுருங்கும். உங்கள் தம்பியின் மருத்துவர் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பது இந்த இடைவெளிக்குள் மருந்து நிற்கிறதா என்றுதான்.

பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. வருகிறவர்களுக்குக் கையுறை கொடுத்து நிஜ மனித மூளையைக் கையில் தருவார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அக்கா மகனை அங்கே கூட்டிப்போனேன். அவன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கனம் தாங்காமல் முழங்கையை இடுப்பில் ஊன்றியபடி கேட்டான், “மாமா, பைத்தியம் பிடிச்சவங்க மூளை எது?” மனச்சிதைவு இருந்தவருடைய மூளையையும் இல்லாதவருடைய மூளையையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றேன். அவன் நம்பவில்லை. வெளியே வந்து ஜூஸ் குடிக்கும்போது மறுபடி கேட்டான்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. லேபில் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் கிடைத்த வேலை, டோபமைன் மாதிரியே மூளையில் செய்தி கொண்டுபோகும் செரோடோனினின் ஏற்பி மரபணு எச்டிஆர்2ஏ. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் மருந்து அந்த ஏற்பியையும் பிடிக்கும், எல்எஸ்டி போதைப்பொருள் அங்கேதான் வேலையைக் காட்டும், அதனால் அது ‘பெரிய ஆள்’ என்று நினைத்தோம். அதில் 102-ஆவது இடத்தில் ஓர் எழுத்து சிலருக்கு டி, சிலருக்கு சி. 342 எழுத்து நீளமுள்ள துண்டைப் பெருக்கி, ஒரு நொதியைப் போட்டால் சி இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும். ராத்திரி ஜெல் ஓட்டி, புற ஊதா விளக்கில் வைத்தால் ஆரஞ்சுக் கோடுகளாகத் தெரியும்: ஒரு கோடு வெட்டுப்படாதது, இரண்டு கோடு வெட்டுப்பட்டது, மூன்று கோடு இருந்தால் இரண்டு ரகமும் கலந்தவர். நோயாளிகள் நூறு பேர், நோயில்லாதவர்கள் நூறு பேர். எண்ணினோம். நோயாளிகளிடம் சி அதிகம். எங்கள் சார் அன்றைக்கு எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். அடுத்த இருநூறு பேரைச் சோதித்தபோது வித்தியாசம் காணாமல் போய்விட்டது. இத்தனைக்கும் அந்த எழுத்து மாறினால் ஏற்பியின் புரதத்தில் எதுவுமே மாறாது. இரண்டு எழுத்துக்கும் ஒரே அமினோ அமிலம்தான். அது எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் தோசை சாப்பிட்டோம்.

எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல இது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் டி3, டி4, எச்டிஆர்2ஏ, காம்ட் என்று ஒவ்வொரு மரபணுவையும் சின்னச் சின்ன மாதிரிகளில் சோதித்து, ஓர் ஊரில் தொடர்பு உண்டு, அடுத்த ஊரில் இல்லை என்று மாறி மாறி எழுதிக் குவித்தார்கள். உங்கள் ரிப்போர்ட் போன்றவை இன்றும் அந்தக் குவியலிலிருந்துதான் எடுத்து விற்கப்படுகின்றன.

கணக்கு மாறியது ஆயிரங்களில் ஆள் சேர்த்த பிறகு. 2014-இல் பல நாட்டுக் கூட்டுக்குழு ஒன்று ஏறக்குறைய 37,000 நோயாளிகளையும் 1,13,000 பிறரையும் வைத்து மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியது. நோயோடு தொடர்புள்ள 108 இடங்கள் கிடைத்தன. 2022-இல் நோயாளிகள் எண்ணிக்கை 76,000-ஐத் தாண்டியது. இடங்கள் 287 ஆயின. வேடிக்கை என்னவென்றால், 2014 பட்டியலில் டிஆர்டி2 உண்மையாகவே இருந்தது. ஆக, பழைய ஆட்களின் ஊகம் முழுக்க வீண் போகவில்லை. ஆனால் அந்த மாற்றம் மரபணுவுக்கு வெளியே, முன்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ளது அது இல்லை. அதன் பலம்? அபாயத்தைப் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே கூட்டுகிறது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். பத்து சதவீதம் கூடுவது என்றால் நூற்றுக்கு ஒன்று என்பது பதினொன்று ஆவதில்லை, 1.1 ஆவது. ‘அபாயம் அதிகம்’ என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் உள்ள எண் அதிகபட்சம் அவ்வளவுதான்.

அதே பட்டியலில், மூளையில் செய்தி கொண்டுபோகும் இன்னொரு வேதிப்பொருளான குளூட்டமேட்டின் ஏற்பி மரபணுக்களும் வந்தன. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால், நல்ல மனிதருக்கே சில நிமிடங்களுக்கு மனச்சிதைவு மாதிரியான நிலை வரும். நினைப்பு கோர்வையற்றுப் போவது, முகம் உணர்ச்சியற்றுப் போவது உட்பட. அது அடைப்பது என்எம்டிஏ என்ற குளூட்டமேட் ஏற்பியை. அந்த ஏற்பியின் ஒரு பாகத்தைச் செய்யும் மரபணு கிரின்2ஏ. 2022-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, மரபணுவையே முடக்கிவிடும் அளவுக்கு மோசமான, மிக அபூர்வமான மாற்றங்களைத் தேடி, பத்து மரபணுக்களைச் சுட்டியது. கிரின்2ஏ அதில் ஒன்று. அப்படிப்பட்ட மாற்றம் உள்ளவருக்கு அபாயம் பத்து சதவீதம் கூடுவதில்லை, பல மடங்கு கூடுகிறது. ஏற்பி மரபணுவுக்கும் மனச்சிதைவுக்கும் நேரடித் தொடர்பு என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டும் உதாரணம் இதுதான். ஆனால் பல்லாயிரம் நோயாளிகளைச் சலித்தால்தான் ஒரு சிலரிடம் கிடைக்கும். அவர்களிலும் சிலருக்குச் சின்ன வயதிலேயே வலிப்பு, பேச்சு தாமதம் போன்றவை இருக்கும். அபாயத்தைப் பெரிதாகக் கூட்டும் மாற்றங்கள் ஏன் இவ்வளவு அபூர்வம் என்றால், இந்த நோய் வந்தவர்களுக்குப் பிள்ளைகள் குறைவு. அந்த மாற்றம் சில தலைமுறைகளிலேயே குடும்பத்திலிருந்து உதிர்ந்துவிடுகிறது.

இதே ஏற்பியைப் பற்றி இன்னொன்று, மரபணு சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். 2007-இல் விவரிக்கப்பட்ட ஒரு நோயில், உடம்பின் எதிர்ப்புப் புரதங்களே என்எம்டிஏ ஏற்பியைத் தாக்கும். நன்றாக இருந்த இளம்பெண் திடீரென்று ஒரு வாரத்தில் பிதற்றத் தொடங்குவாள், தூங்க மாட்டாள், வலிப்பு வரும், வாய் கோணும். சிலருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருக்கும். பார்ப்பதற்கு அப்படியே மனச்சிதைவு. கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்துப் பார்ப்போம் என்று வீட்டில் நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். உங்கள் தம்பிக்கு மெல்ல மெல்ல, ஒரு வருடமாக ஒதுங்கி ஒதுங்கி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தக் கதை இல்லை.

பரம்பரை எண்களுக்கு வருவோம். டென்மார்க்கில் இரட்டையர் பதிவேட்டை வைத்து 2018-இல் வந்த ஆய்வு, மனச்சிதைவின் மரபுவழிப் பங்கு 79 சதவீதம் என்றது. இதைப் படித்துவிட்டு ‘நோய் வருவதற்கு 79 சதவீத வாய்ப்பு’ என்று நினைத்து என் முன்னால் அழுதவர்கள் உண்டு. அந்த எண் ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் மரபணுவின் பங்கைச் சொல்வது, ஓர் ஆளின் தலையெழுத்தைச் சொல்வதில்லை. அதே ஆய்வில், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்கு 33 பேருக்குத்தான். எழுத்துக்கு எழுத்து அதே மரபணு, அதே கர்ப்பப்பை, அதே வீடு. மூன்றில் இரண்டு பேருக்கு வரவில்லை. மற்ற சகோதர சகோதரிகளுக்கு, பழைய ஐரோப்பியக் குடும்ப ஆய்வுகளின்படி, நூற்றுக்கு ஒன்பது. அது வாழ்நாள் கணக்கு. உங்களுக்கு 29 ஆகிவிட்டது, இருபதுகளின் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டீர்கள், அதனால் உங்கள் மிச்ச வாய்ப்பு அதைவிடக் குறைவு. பெண்களுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் சின்னதாக ஒரு ஏற்றம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு அவர் தாய்மாமன். அந்த உறவுக்குத்தான் மூன்று, நான்கு.

சோதனையே வேண்டாமா என்றால், உங்களுக்கு வேண்டாம். செய்தால் தம்பிக்குச் செய்வதில்தான் அர்த்தம் உண்டு, அதுவும் எச்சில் பாட்டிலில் இல்லை. குழந்தையில் இதயத்தில் ஓட்டை, அண்ணப் பிளவு, மூக்கால் பேசுவது, கால்சியம் குறைந்து வலிப்பு, படிப்பில் ரொம்பவும் பின்தங்கியது, இவற்றில் ஏதாவது இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் குரோமோசோமில் துண்டுகள் கூடியோ குறைந்தோ இருக்கிறதா என்று பார்க்கும் குரோமோசோம் மைக்ரோஅரே சோதனை செய்யலாம். 22-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த வகை மனநோய் வருகிறது. மனச்சிதைவு உள்ள நூறு பேரில் இரண்டு மூன்று பேரிடம் இப்படி ஏதாவது பெரிய துண்டு கூடியோ குறைந்தோ இருக்கும். அது தெரிந்தால் உங்களையும் சோதித்து, அந்தத் துண்டு மாற்றம் உங்களிடமிருந்து பிள்ளைக்குப் போக வாய்ப்பு உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்லலாம். இன்னொன்று, ரிஸ்பெரிடோனை உடம்பு எவ்வளவு வேகமாகச் செலவழிக்கும் என்பதை சிப்2டி6 என்ற மரபணு பெரும்பாலும் தீர்மானிக்கிறது. குறைந்த அளவிலேயே அவருக்கு உடம்பு இறுகுகிறது என்றால் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம். நோய் வருமா என்று சொல்லாது, மருந்து எவ்வளவு என்று சொல்ல உதவும். தம்பியின் சிகரெட் பழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிற்பாடு குளோசபினுக்கு மாற்றினால் இதை ஞாபகம் வையுங்கள்: புகை பிடிப்பவர் உடம்பு குளோசபினை வேகமாக எரிக்கும். திடீரென்று விட்டால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். விடட்டும், டாக்டருக்குச் சொல்லிவிட்டு விடட்டும்.

இந்த எண்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களுடையதுதானே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஆமாம்; 2022 ஆய்வில் இருந்தவர்களில் பெரும் பங்கு ஐரோப்பிய வம்சாவளியினர், அடுத்து கிழக்காசியர். நம் ஆட்களை வைத்து நடந்ததில் குறிப்பிடத்தக்கது, சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து செய்து 2019-இல் வெளியானது. மூவாயிரம் பேர் வரை சேர்த்து முதல் கட்டம் பார்த்தார்கள். மேலே வந்து நின்றது ஏற்பி மரபணுவே இல்லை, நயாசின் என்ற வைட்டமினைக் கையாளும் ஒரு நொதி. நயாசினைத் தோலில் தடவினால் சிவக்கும். மனச்சிதைவு உள்ளவர்களில் பலருக்கு அந்தச் சிவப்பு குறைவாகவே வரும் என்பது பழைய கவனிப்பு. இரண்டும் ஒன்றோடொன்று பேசுவது சுவாரசியமானது. அதற்காகத் தம்பிக்கு நயாசின் மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கிளம்ப வேண்டாம். பெங்களூரிலேயே நிம்ஹான்ஸும், என்சிபிஎஸ், இன்ஸ்டெம் என்ற உயிரியல் ஆராய்ச்சி நிலையங்களும் சேர்ந்து, ஒரே வீட்டில் பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களின் ரத்த செல்களை ஸ்டெம் செல்லாக மாற்றி நரம்பு செல் வளர்த்துப் பார்க்கிறார்கள். இந்தக் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் சேர வேண்டும் என்பது என் ஆசை.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. சொல்லிவிடுங்கள். தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள், எண்ணையும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைக் காட்டாதீர்கள்; தப்பான காகிதத்தை வைத்து உண்மை பேச முடியாது.

கடைசியாக அம்மா. அத்தை மகனைக் கட்டினால், இரண்டு பக்கமும் ஒரே பழுதான பிரதி வந்து சேர்ந்தால் மட்டும் வரும் நோய்களுக்கு வாய்ப்பு கூடும், அது உண்மை. மனச்சிதைவு பெரும்பாலும் அந்த வகையில் சேர்வதில்லை. நூற்றுக்கணக்கான சின்ன மாற்றங்கள் எல்லோரிடமும் சிதறிக் கிடப்பவை, அசலில் கட்டினாலும் வந்திருக்கலாம். சொந்தத்தில் கட்டும் வழக்கமே இல்லாத ஊர்களிலும் நூற்றுக்கு ஒருவர்தான். 1948-இல் அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றே ஒரு வகையை எழுதி வைத்தார். முப்பது வருடம் அதை வைத்து அம்மாக்களைக் குற்றவாளியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பிறகு அது தப்பென்று கைவிடப்பட்டது. அடுத்த தடவை தம்பியைக் காட்ட வரும்போது அம்மாவையும் கூட்டி வாருங்கள். இரண்டு பக்கமும் தாத்தா பாட்டி வரை யார் யாருக்கு வலிப்பு, யாருக்கு மனநலக் குறை, யார் சின்ன வயதில் போனார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். திண்டுக்கல்லில் இருக்கும் பெரியத்தைக்குப் போன் போட்டால் பாதி கதை அங்கேயே கிடைத்துவிடும்.